கடல் உணவு வலையில் பாதரசப் பெருக்கம்

கடல்நீரில் மிக நுண்ணிய அளவில் கரைந்திருக்கும் பாதரசம், ஒன்றையொன்று தின்னும் உயிரினங்களின் வழியே படிப்படியாகச் செறிந்து, பெரிய வேட்டை மீன்களிலும் திமிங்கிலங்களிலும் நச்சளவை எட்டும் நிகழ்வு கடல் உணவு வலையில் பாதரசப் பெருக்கம் எனப்படும். ஓர் உயிரினத்தின் உடலில் வாழ்நாள் முழுதும் நச்சு சேர்வது உயிரியல் திரட்சி. இரையிலிருந்து இரைகொல்லிக்கு ஏற ஏற அதன் செறிவு கூடுவது உயிரியல் உருப்பெருக்கம். பாதரசத்தில் இவ்விரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. அதனால் ஒரே கடலில் பிடிபட்ட நெத்திலிக்கும் பெருஞ்சுறாவுக்கும் இடையே பாதரச அளவு பல பத்து மடங்கு வேறுபடலாம்.

கடலைச் சேரும் வழி

எரிமலைகளிலிருந்தும் பாறைச் சிதைவிலிருந்தும் பாதரசம் இயற்கையாகவே வெளிப்படுகிறது. மனிதர் அதன் அளவைப் பன்மடங்காக்கினர். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2018ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, 2015இல் மனிதச் செயல்களால் ஏறத்தாழ 2,220 டன் பாதரசம் காற்றில் கலந்தது. இதில் மிகப் பெரிய பங்கு, பாதரசத்தைக் கொண்டு தங்கத்தைப் பிரிக்கும் சிறு சுரங்கத் தொழிலுடையது. அடுத்த இடம் நிலக்கரி எரிப்புக்கு.

பாதரச ஆவி மாதக்கணக்கில் காற்றில் மிதக்கும். பின்னர் ஆக்சிஜனேற்றம் அடைந்து மழையோடு இறங்கும். ஆலையே இல்லாத ஆர்க்டிக் கடலிலும் பாதரசம் இருப்பது இதனால்தான். தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்டால், கடலின் மேலடுக்கு நீரில் பாதரசம் ஏறக்குறைய மூன்று மடங்காகிவிட்டது என 2014இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது.

மெத்தில் பாதரசம்

வெப்பமானியில் இருக்கும் திரவப் பாதரசத்தை விழுங்கினால் குடல் அதைப் பெரும்பாலும் உறிஞ்சுவதில்லை. மெத்தில் பாதரசமோ, உண்ட அளவில் ஏறத்தாழ 95 விழுக்காடு உடலில் ஏறிவிடும். உணவு வலையில் பெருகுவதும் இந்த வடிவமே.

கனிமப் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக்குபவை நுண்ணுயிரிகள். சுவீடனின் ஜென்சன், யெர்னலோவ் ஆகியோர் நீர்நிலை வண்டலில் இம்மாற்றம் நிகழ்வதை 1969இல் காட்டினர். இதற்கான இரு மரபணுக்கள் 2013இல் கண்டறியப்பட்டன. ஆக்சிஜன் அற்ற சேற்றில் சல்பேட்டையும் இரும்பையும் கொண்டு சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் இதில் முதன்மையானவை. கழிமுகச் சேற்றில் மட்டுமின்றி, திறந்த பெருங்கடலில் சில நூறு மீட்டர் ஆழத்தில் ஆக்சிஜன் குறைந்த நீரடுக்கிலும் மெத்தில் பாதரசம் உருவாகிறது. ஹவாய்ப் பகுதியில் நடந்த ஆய்வுகளில், ஆழத்தில் இரை தேடும் மீன்களில் மேல்நீரில் மேய்பவற்றைவிடப் பாதரசம் மிகுந்திருந்தது.

பெருகும் முறை

உணவு ஏணியின் முதல் படியே மிகப் பெரிய தாவல். தாவர மிதவை உயிரிகள் நீரிலிருந்து மெத்தில் பாதரசத்தை நேரடியாக உள்ளிழுத்து, நீரில் உள்ளதைப் போல் பல்லாயிரம் மடங்குக்கு மேல் செறிவாக்குகின்றன. கனிமப் பாதரசம் அவற்றின் செல்சுவரில் ஒட்டிக்கொள்ள, மெத்தில் பாதரசம் செல்லின் உட்பொருளில் கலக்கிறது. இந்த உயிரிகளை மேயும் நுண்ணிய ஓட்டுடலிகள் செல்சுவரைக் கழிவாக வெளியேற்றி, உட்பொருளைச் செரிக்கின்றன. எனவே ஒவ்வொரு படியிலும் கனிமப் பாதரசம் வடிகட்டப்பட, மெத்தில் பாதரசம் மட்டும் மேலேறுகிறது. மேல்நிலை வேட்டை மீன்களின் தசையில் உள்ள பாதரசத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் இந்த வடிவமே.

அடுத்த படிகளில் நடப்பது எளிய கணக்கு. ஒரு மீன் தான் தின்ற இரையின் பெரும்பகுதியை நீந்தவும் உயிர்வாழவும் எரித்துவிடுகிறது. பத்தில் ஒரு பங்களவே தசையாகிறது. எரிந்த உணவு கரியமில வாயுவாக வெளியேற, அதிலிருந்த மெத்தில் பாதரசம் மட்டும் பின்தங்குகிறது. மத்தி, சூரை, சுறா என ஏறும்போது செறிவு படிதோறும் சில மடங்கு கூடி, கடைசியில் நீரில் உள்ளதைப் போல் பத்து லட்சம் மடங்கையும் தாண்டுகிறது.

டி.டி.டி. போன்ற நச்சுகள் கொழுப்பில் தங்குபவை. மெத்தில் பாதரசமோ புரதத்தில் உள்ள கந்தகத்தோடு பிணைந்து தசையிலேயே தங்குகிறது. தோலை உரித்தாலும் கொழுப்பை நீக்கினாலும் வறுத்தாலும் அது குறையாது.

மீனுக்கு மீன் வேறுபாடு

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் தரவுகளில் சராசரிப் பாதரச அளவு, கிலோவுக்கு மில்லிகிராமில்: இறால் 0.009, மத்தி 0.013, நெத்திலி 0.016, பெருங்கண் சூரை 0.689, சுறா 0.979, வாள்மீன் 0.995. உணவு ஏணியில் உள்ள இடத்தோடு வயதும் சேர்ந்தே இந்த அளவைத் தீர்மானிக்கிறது. நூறாண்டுக்கு மேல் வாழும் ஆழ்கடல் மீனான ஆரஞ்சு ரஃபி, சூரையைவிடச் சிறியதாயினும் அதிலும் பாதரசம் மிகுதி. ஒரே இனத்திலும் பெரிய, முதிர்ந்த மீனில் கூடுதலாக இருக்கும்.

உணவு வலை மாறினால் மீனின் பாதரசமும் மாறும். வட அமெரிக்காவின் மெய்ன் வளைகுடாவில் 1970களில் மிகைப்பிடிப்பால் ஹெர்ரிங் மீன் அருகியபோது, காட் மீன் பாதரசம் குறைந்த சிறு மீன்களைத் தின்றது. ஹெர்ரிங் மீண்டும் பெருகிய 2000களில் காட் மீனின் உடலில் பாதரசம் 23 விழுக்காடு வரை உயர்ந்ததாக 2019இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. நீர் வெப்பமடைந்தால் மீனின் உணவுத் தேவை கூடுவதால், பாதரச வரவும் கூடுகிறது.

மினமாட்டா

இந்நச்சின் கொடுமையை உலகுக்கு உணர்த்தியது ஜப்பானின் குமமோட்டோ மாநிலத்தில் உள்ள மினமாட்டா. அங்கிருந்த சிஸ்ஸோ ஆலை 1932 முதல் 1968 வரை அசிட்டால்டிஹைடு தயாரிக்கப் பாதரசச் சேர்மத்தை வினையூக்கியாகப் பயன்படுத்தியது. அவ்வினையில் மெத்தில் பாதரசம் பக்கவிளைபொருளாக உருவாகி, கழிவுநீரோடு விரிகுடாவில் கலந்தது. மீனைத் தின்ற பூனைகள் வலிப்புற்று ஆடின. மீனவக் குடும்பங்களில் கைகால் மரத்தல், தள்ளாட்டம், பார்வைப் புலம் சுருங்குதல் முதலியவை தோன்றின. நோய் முறைப்படி பதிவானது 1956 மே 1இல். ஆலை மருத்துவமனையின் மருத்துவர் ஹோசோகாவா ஹாஜிமே, ஆலைக் கழிவை உணவில் கலந்து பூனைக்குக் கொடுத்து அதே நோயை 1959இல் கண்டார். அம்முடிவு மறைக்கப்பட்டது. ஆலையே காரணம் என அரசு ஒப்புக்கொண்டது 1968 செப்டம்பரில்தான். அதற்குள் 1965இல் ஜப்பானின் நீகாட்டாவில் இதே நோய் மீண்டும் தலைகாட்டியிருந்தது.

கருவும் குழந்தையும்

மெத்தில் பாதரசம் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவின் மூளையை எட்டும். மினமாட்டாவில் நோய்க்குறி அதிகம் காட்டாத தாய்மார்களுக்கும் மூளைப் பாதிப்புடன் குழந்தைகள் பிறந்தன. பைலட் திமிங்கில இறைச்சி உண்ணும் பாரோ தீவுகளில் 1986-87இல் பிறந்த ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு, கருவிலேயே பாதரசம் அதிகம் ஏறியவர்களிடம் கவனம், நினைவு, மொழித் திறன் ஆகியவற்றில் நுட்பமான குறைகளை ஏழு வயதில் கண்டது. கடல்மீனையே முதன்மை உணவாகக் கொண்ட செஷல்ஸ் தீவுகளின் ஆய்வில் அத்தகைய தெளிவான பாதிப்பு தென்படவில்லை. மீனில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு போன்ற சத்துகள் இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகின்றன.

ஆகவே கர்ப்பிணிகளுக்கான அறிவுரைகள் மீனையே விலக்கச் சொல்வதில்லை. மீனைத் தேர்ந்து உண்ணவே சொல்கின்றன. தமிழகக் கடலோரத்தில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் எனச் சுறாப்புட்டு கொடுப்பது வழக்கம். இதற்குரிய பால்சுறா சிறிய இனம். பெருஞ்சுறாவின் அளவுகளை அதன்மேல் அப்படியே ஏற்றிச் சொல்ல இயலாது. எனினும் நெத்திலி, மத்தி போன்றவை உணவு ஏணியில் அதைவிடக் கீழ்ப்படியில் உள்ளவை.

கட்டுப்பாடு

பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கை 2013இல் ஏற்கப்பட்டு, 2017 ஆகஸ்ட் 16 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018இல் இதை உறுதி செய்தது. புதிய பாதரசச் சுரங்கங்களுக்கு இது தடை விதிக்கிறது. வெப்பமானி, மின்கலம் முதலிய பொருள்களில் பாதரசத்தைப் படிப்படியாக விலக்குகிறது. ஆனால் கடலின் மாற்றம் மெதுவானது. காற்றில் பாதரச உமிழ்வு பல பகுதிகளில் குறைந்த பின்னும், 1971 முதல் 2022 வரையிலான சூரை மீன் மாதிரிகளில் அதன் அளவு பெரும்பாலும் குறையவில்லை. முன்பே கடலுக்குள் இறங்கிய பாதரசம் ஆழ்நீரிலிருந்து மேலெழுந்து மீண்டும் உணவு வலையில் நுழைவதே இதற்கு விளக்கமாகக் கூறப்படுகிறது.