ஒகேனக்கல் தண்ணியும் ஒரு கேசட்டும்

'சின்னச் சின்ன ஆசை' பாட்டுல வர்ற அருவியைப் பார்த்ததும் பெண்ணாகரம் பக்கத்து ஆளுங்க "இது நம்ம ஒகேனக்கல்"னு சொல்லிடுவோம். 1992 ஆகஸ்ட் 15-இல் வெளியான 'ரோஜா'வில் அது திருநெல்வேலிச் சீமைப் பெண்ணின் பாட்டு. ஆனால் அதைப் படம்பிடித்த இடங்களில் ஒன்று எங்கள் தர்மபுரி மாவட்டம். இசையமைத்த ஏ.ஆர். ரஹ்மானுக்கு அப்போது வயது 25.

அந்தப் பாட்டைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. எனக்குச் சொல்ல வேண்டியது அதற்கு எட்டு மாதம் முந்தைய கதை.

1991 ஜூன் 25-இல் காவிரி நடுவர் மன்றம், தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் விடச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டது. டிசம்பர் 11-இல் அது அரசிதழில் வந்தது. மறுநாளே பெங்களூரில் தமிழர்கள் மீது கலவரம். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கிடைத்த வண்டியில் ஏறி எல்லை தாண்டி வந்தன. ஓசூர் அப்போது தர்மபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. ஆக, வந்தவர்களில் பலர் முதலில் கால் வைத்தது எங்கள் மாவட்டத்தில்.

என் அத்தையும் அப்படித்தான் வந்தாங்க. ஒரு டிரங்குப் பெட்டி, ரெண்டு பிள்ளைங்க. சின்னவன் கன்னடத்துலதான் எண்ணுவான். வீட்டுல யாராவது காவிரின்னு பேச்செடுத்தா அத்தை எழுந்து அடுப்படிக்குப் போயிடுவாங்க.

அடுத்த வருஷம் அண்ணன் 'ரோஜா' கேசட்டை வாங்கி வந்தான். எங்க டேப் ரெக்கார்டர் பழசு. இருந்தும் மின்மினியின் குரல் பக்கத்துல உட்கார்ந்து பேசுற மாதிரி கேட்டது. இன்றைக்கு யோசித்தால் காரணம் புரிகிறது. வாத்தியங்களை அடுக்கிக் குரலை மூடவில்லை. அடியில் துள்ளும் பேஸ், மேலே நிறைய வெற்றிடம், நடுவில் ஒற்றைக் குரல். கேட்கிறவர் தன் நினைப்பைக் கொண்டு போய் வைக்க அந்தப் பாட்டில் இடம் இருந்தது.

அந்த ஆண்டின் தேசிய விருது ரஹ்மானுக்கும், அதே பாட்டுக்காக வைரமுத்துவுக்கும் கிடைத்தது. 'தேவர் மக'னும் 'ரோஜா'வும் சம ஓட்டில் நிற்க, தன் ஓட்டை ரஹ்மானுக்குப் போட்டதாக நடுவர் குழுத் தலைவர் பாலு மகேந்திரா பின்னாளில் சொன்னார். எங்க வீட்டு ராஜா ரசிகர்களுக்கு அது இன்னும் ஆறாத கோபம்! பாடிய மின்மினியோ சில ஆண்டுகளிலேயே குரலை இழந்து, வெகுகாலம் கழித்துத்தான் மீண்டும் பாடினார்.

படம் எங்க ஊர்க் கொட்டகைக்கு வந்தப்போ அத்தையையும் கூட்டிட்டுப் போனோம். அருவி வந்ததும் கொட்டகையே விசில் அடிச்சது. ஒகேனக்கல் என்ற பெயரே கன்னடம். புகையும் கல் என்று அர்த்தம். அங்கே பரிசலில் ஏறினால் எதிர்க்கரை கர்நாடகம். இது அங்க விசில் அடிச்ச எல்லாருக்கும் தெரியும்.

அத்தை எதுவும் பேசல. வீட்டுக்கு வந்ததும் கேசட்டை எடுத்து என் கையில கொடுத்து, "அந்தப் பாட்டை இன்னொரு தரம் போடுடா" என்றாங்க. நான் பென்சிலை விட்டுச் சுத்த ஆரம்பிச்சேன்.