இம்மி பிசகாமல் ஏழு பங்கு

வகுப்பில் நான் சொன்ன ஒரு தவறை இன்று திருத்திக்கொள்கிறேன்.

தசமம் நடத்தும்போது 1/7ஐக் கரும்பலகையில் வகுத்துக் காட்டுவேன், நினைவிருக்கும். 142857 வரும், மறுபடியும் அதே ஆறு இலக்கங்கள். ஒரு வருடம் பின்வரிசைப் பையன் ஒருவன், "ஐயா, அந்தக் காலத்து முந்திரிக் கணக்குல ஏழு பங்கு போட முடியுமா?" என்று கேட்டான். முந்திரி என்பது 1/320, 320ஐ ஏழு வகுக்காது, முடியாது, உட்கார் என்றேன். பாவம், உட்கார்ந்துவிட்டான்.

மேல்சித்தாமூர்த் திண்ணையில் எங்கள் தாத்தா, "ஏழு பேருக்கும் இம்மி பிசகாம பிரிக்கலாம்டா" என்பார். பேச்சுவழக்கு என்றே நினைத்திருந்தேன். ஓய்வு பெற்றபின் காரிநாயனாரின் கணக்கதிகாரத்தைப் புரட்டியபோதுதான் அது கணக்கு என்று தெரிந்தது.

திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை மனப்பாடம் செய்த நம் முன்னோருக்குக் கால், மா, காணி எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. ஒன்றை 320 ஆக்கினால் முந்திரி. முந்திரியை மறுபடி 320 ஆக்கினால் கீழ்முந்திரி. நாம் பத்துப் பத்தாகப் போகிறோம், அவர்கள் 320, 320 ஆகப் போனார்கள். 320இல் இருக்கும் பகா எண்கள் இரண்டும் ஐந்தும் மட்டுமே. பத்திலும் அவைதான். ஆகவே மூன்றும் ஏழும் இரண்டு இடத்திலும் முரண்டு பிடிக்கும். (அணாக் காலத்து ரூபாய்க்கு 192 தம்பிடி. அது மூன்றுக்கு அடங்கும், ஏழுக்கு அடங்காது. 1957இல் நயா பைசா வந்ததும் மூன்றும் போயிற்று!)

ஆனால் கீழ்முந்திரிக்குக் கீழே அவர்கள் 320ஐ விட்டுவிட்டார்கள். 21 இம்மி ஒரு கீழ்முந்திரி. 21 என்றால் மூன்று தரம் ஏழு! இப்போது ஒன்றை ஏழாக்குங்கள். 45 முந்திரி, அதாவது அரைக்கால், காணி, முந்திரி. பிறகு 228 கீழ்முந்திரி. மிச்சத்துக்குச் சரியாக 12 இம்மி. மீதி இல்லை. 1/3 என்றால் 106 முந்திரி, 213 கீழ்முந்திரி, 7 இம்மி. அதற்கும் கீழே 11 மும்மி ஓர் இம்மி, பதினொன்றையும் விட்டுவைக்கவில்லை.

இம்மிக்குப் போகாமல் 320ஆகவே தொடர்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு நாள் மதியம் உட்கார்ந்து போட்டேன். 1/7க்கு 45, 228, 182, 274, 91, 137 வந்து, திரும்பவும் 45. முதல் மூன்றையும் பின் மூன்றையும் வரிசையாகக் கூட்டுங்கள். 45உம் 274உம் 319. 228உம் 91உம் 319. 182உம் 137உம் 319. நம் தசமத்திலும் 142உம் 857உம் 999 தானே! பகா எண்ணின் இந்தக் குணத்தைப் பிரான்சில் மிடி என்பவர் 1836இல் எழுதினார். நம் சுவடிக்காரர்களுக்கும் இது தெரியும் என்று நான் பெருமை பேசமாட்டேன். அவர்களுக்கு நெல் பங்கிட வேண்டியிருந்தது, பங்கிட்டார்கள்.

அந்தப் பையன் இதைப் படித்தால், தம்பி, நீ கேட்டது சரியான கேள்வி. முடியும். 1/13ஐ இதே 320இல் போட்டுப் பார். நாலாவது இடத்தில் சுழல வேண்டும். விடையைக் கீழே எழுது.