பதிவேட்டில் 'காய்ச்சல்': 1918 இன்புளுவென்சாவும் எமது தீவும்

எமது சங்கத்தைத் தொடக்கி வைத்த முதல் தலைமுறைப் பழைய மாணவிகள் எல்லோரும் ஒரு பெருங் கொள்ளைநோயைக் கண்டவர்கள். 1918ஆம் ஆண்டில் அவர்களுள் சிலர் பாடசாலைச் சிறுமிகள், சிலர் இளம் தாய்மார். அந்த ஆண்டில் வந்த இன்புளுவென்சா குழந்தைகளையும் முதியவர்களையும் மட்டும் கொண்டுபோகவில்லை. இருபது முதல் நாற்பது வயது வரையான திடகாத்திரமானவர்களையே உலகெங்கும் அதிகமாகக் கொன்றது. கர்ப்பிணிகள் மிகவும் பாதிக்கப்பட்டனர்.

நோய்க்கு வைரசே காரணம் என்பது அன்று எவருக்கும் தெரியாது. மனிதரிடமிருந்து இன்புளுவென்சா வைரசைப் பிரித்தெடுத்தது 1933இல்தான். பம்பாயில் 1918 நடுப்பகுதியில் மிதமாகத் தொடங்கிய நோய், செப்டெம்பரில் கொடிய உருவத்தோடு திரும்பியது. எமது தீவுக்கு அப்போது இரண்டு பெரிய வாசல்கள். ஒன்று, போர்க்காலக் கப்பல்கள் வந்துபோன கொழும்புத் துறைமுகம். மற்றது, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1914இல் தொடங்கிய கப்பற்சேவை. தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர்கள் இறங்கியதும் அந்த வாசலில்தான். தனிமைப்படுத்தும் சட்டம் 1897 முதலே இங்கு இருந்தது. ஆனால் இன்புளுவென்சா தொற்றியவர் காய்ச்சல் தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பே பிறருக்குப் பரப்பத் தொடங்கிவிடுவார். காய்ச்சற்காரரைத் தேடிப் பிடிக்கும் அதிகாரியை நோய் எப்போதும் ஒரு நாள் முந்திக்கொள்ளும்.

அப்படியாயின் அந்த நோய் எந்த மாவட்டத்தை எப்போது அடைந்தது, எவ்வளவு கொடியதாக இருந்தது என்பதை நாம் இன்று எப்படி அறிகிறோம்? ஆய்வுகூடங்கள் சொல்லவில்லை. வைத்தியர்களும் பெரிதாகச் சொல்லவில்லை. கிராமங்களில் இறந்தவர்களில் பலர் வைத்தியரைக் கண்டதே இல்லை. சொன்னவை மரணப் பதிவேடுகள். 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் பிறப்பு, இறப்புப் பதிவு இங்கு ஒழுங்காக நடந்துவந்தது. வீட்டார் சொன்ன காரணத்தைப் பதிவாளர் எழுதினார். 'காய்ச்சல்' என்றால் காய்ச்சல்தான். மலேரியாவும் அதே பெயருக்குள் அடங்கியிருந்த நாட்கள் அவை.

காரணத்தை நம்ப முடியாவிட்டால் எண்ணிக்கையை நம்பலாம். இந்த வழியைக் காட்டியவர், இங்கிலாந்தின் பதிவாளர் நாயக அலுவலகத்திற் பணியாற்றிய வில்லியம் ஃபார். 1847இல் இலண்டனில் இன்புளுவென்சா பரவியபோது, இன்புளுவென்சா என்று எழுதப்பட்ட மரணங்களை விட, வழமைக்கு மேலாக நிகழ்ந்த மரணங்கள் பல மடங்கு என்று அவர் காட்டினார். ஒரு மாவட்டத்தில் ஒக்டோபர் மாதத்து வாரமொன்றில் வழமையாக நூறு மரணங்கள் பதிவாகும் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டில் மட்டும் அது இருநூற்றைம்பது ஆனால், மேலதிகமான நூற்றைம்பதுக்கும் கணக்குக் கேட்க வேண்டும். மாவட்டம் மாவட்டமாக, வாரம் வாரமாக இப்படிப் பார்த்தால் நோய் நடந்துசென்ற பாதையே தெரிந்துவிடும்.

இலங்கையின் 1918-19 பதிவுகளை ஆய்வாளர்கள் இவ்வாறுதான் வாசித்தார்கள். 2014இல் வெளியான ஆய்வொன்று, கொள்ளைநோயால் தீவுக்கு ஏற்பட்ட சனத்தொகை இழப்பு ஏறத்தாழ 3,07,000 என்றது. அதாவது சனத்தொகையில் 6.7 வீதம். இத்தகைய மதிப்பீடு உள்ள பெரும்பாலான நாடுகளை விட இது அதிகம். ஆனால் இதை 'மூன்று இலட்சம் பேர் இறந்தனர்' என்று மேடையிற் சொல்லிவிடக் கூடாது. இழப்பு என்ற சொல்லுக்குள் பிறக்காமற்போன குழந்தைகளும் அடங்குவர். பதிவான மரணங்களை மட்டும் கொண்டு செய்த முந்திய கணிப்புகள் இதைவிடக் குறைவு. எமது எண்ணம், இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும் என்பதே.

2009இல் எம்மிற் பலர் வைத்தியசாலை விடுதிகளில் இளம் வைத்தியர்கள். ஏப்ரலில் மெக்சிக்கோவிலிருந்து வந்த செய்திகள் பயங்கரமாக இருந்தன. கடும் நோயாளிகள் மட்டுமே முதலில் கணக்கில் வந்ததால், பிடித்தவர்களில் கணிசமானோர் இறப்பது போலத் தோன்றியது. சாதாரணத் தடிமனோடு வீட்டில் படுத்தெழும்பியவர்களை யார் எண்ணினார்கள்? யூனில் இலங்கையிலும் நோய் உறுதியானது. முடிவில், ஆய்வுகூடத்தில் உறுதிப்பட்ட மரணங்கள் உலகில் ஏறத்தாழ 18,500 மட்டுமே. 2012இல் வெளியான மதிப்பீடோ முதல் ஆண்டில் 1,51,700 முதல் 5,75,400 வரை இறந்திருக்கலாம் என்றது. முதலில் மிகையாகப் பயந்தோம். பின்னர் குறைவாக எண்ணினோம்.

நோயின் வருகையை முன்கூட்டியே காட்டும் இன்னொரு ஆவணமும் உண்டு. அது எமக்கெல்லாம் தெரிந்த வரவு இடாப்பு. ஒரே வகுப்பில் ஒரே வாரத்தில் பல பிள்ளைகள் வராமல் விடுவதைக் கவனித்தே பல நாடுகளில் இன்புளுவென்சாவைக் கண்காணிக்கிறார்கள். 1995 இடம்பெயர்வோடு வடக்கின் பாடசாலைகளிலிருந்து எத்தனை இடாப்புகள் போயின என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

ஆகவே கொழும்பிலோ, லண்டனிலோ, ரொறன்ரோவிலோ இருக்கும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். வீட்டு அலுமாரியில் பூட்டன், பூட்டியின் மரணச் சான்றிதழோ, காணி உறுதியோ, கடிதங்களோ கிடந்தால், 1918 செப்டெம்பர் முதல் 1919 நடுப்பகுதி வரையான திகதிகளைப் பாருங்கள். மரணத்துக்கான காரணம் என்ற பகுதியில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். பிரதியெடுத்துச் சங்கத்துக்கு அனுப்பினால், ஊர், மாதம் என்ற ஒழுங்கில் அடுக்கி வைப்போம்.