வெண்மணித் தீக்குக் காரணம் எங்கே? ‘குருதிப்புனல்’ படிக்கும் மாணவர்களுக்குச் சில வேலைகள்

தமிழ் எம்.ஏ.வில் ஒரு நாவலைப் பாடமாக வைத்தால் கடைசியில் ஒரு பிராஜெக்ட் கேட்பார்கள். உள்ளே என்ன இருக்கும் என்று திறக்காமலே சொல்லிவிடலாம். கதைச்சுருக்கம், பாத்திரப் படைப்பு, உவமை, வருணனை, முடிவுரை, கெட்டி அட்டை. எந்த நாவலுக்கும் இந்தச் சட்டை பொருந்தும். வெண்மணியைப் பற்றிய நாவலுக்கும் இதையே மாட்டிவிடும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ 1975இல் வந்தது. 1977இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. தஞ்சைக் கிராமம் ஒன்றில், டில்லியிலிருந்து வந்த படித்தவர்களை முன்னிறுத்தி நகர்கிற கதை. அதில் நிலக்கிழார் கண்ணையா நாயுடு ஆண்மையற்றவர். அந்தக் குறையும் அதை மறைக்கிற வெறியும் தீக்கு ஊற்றுக்கண் என்று பிரதி கட்டமைக்கிறது. இடதுசாரிகள் அப்போதே இதைக் கண்டித்தார்கள்.

நடந்தது என்ன? 1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் ராமையாவின் குடிசைக்குள் உயிருக்குப் பயந்து ஒண்டியவர்களில் 44 பேர் எரிந்து போனார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். சனங்கள் கேட்டது அரைப்படி நெல் கூடுதல் கூலி. எதிரே நின்றது நெல் உற்பத்தியாளர் சங்கம். அதன் தலைவர் இரிஞ்சூர் கோபாலகிருஷ்ண நாயுடு. ‘செங்கொடியை இறக்கு, எங்க கொடியை ஏத்து’ என்பதுதான் மிராசுகளின் கட்டளை. 1970இல் விசாரணை நீதிமன்றம் நாயுடு உள்ளிட்டோருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. கார் வைத்திருக்கிற பணக்காரர்கள் நடந்துபோய்த் தாங்களே தீ வைத்தார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்பது தீர்ப்பின் வாதங்களில் ஒன்று.

தீர்ப்புக்கு இரண்டு வருஷம் கழித்து நாவல். தீர்ப்பு மிராசுதாரரை மானஸ்தராக்கிக் காப்பாற்றியது. நாவல் மிராசு முறையை விட்டுவிட்டு ஒரு ஆளின் உடம்பைப் பிடித்துக்கொண்டது. இரண்டிலும் நிலமும் சாதியும் கூண்டில் ஏறவில்லை. இடதுசாரிக் கதையாடலும் முழுசாகப் பேசிவிடவில்லை. கூலி, வர்க்கம் என்று சொன்னவர்கள் செத்த 44 பேரும் தலித்துகள் என்பதை அடிக்குறிப்பில் வைத்தார்கள். தீ சேரிக்கு மட்டும் ஏன் வந்தது?

மாணவர்களின் கடைசி வேலை இந்தக் கேள்வியிலிருந்து பிறக்க வேண்டும். நான் யோசித்து வைத்திருக்கிற சிலவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று, அரைப்படி. ஒரு படியைக் கையில் எடுத்து அரைப்படி நெல்லை அளக்கட்டும். குத்தினால் எவ்வளவு அரிசி தேறுகிறது, எத்தனை வயிற்றுக்குக் காணும் என்று செய்து பார்த்து எழுதட்டும். பிறகு நாவலில் கூலிப் பேச்சு எத்தனை பக்கத்தில் வருகிறது, நாயுடுவின் உடம்பு எத்தனை பக்கத்தில் வருகிறது என்று எண்ணட்டும்.

இரண்டு, காலக்கோடு. 1940களில் பி. சீனிவாசராவ் வந்து சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராகச் சங்கம் கட்டியது, 1952இன் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 1968, 1969இன் நியாயக் கூலிச் சட்டம், 1973. சுவரில் நீளமாக ஒட்டி, நாவல் எந்த இடத்தில் கண் திறக்கிறது, எதைப் பார்க்காமல் விடுகிறது என்று குறிக்கட்டும்.

மூன்று, பேரேடு. ‘பாத்திரமாக மாறி டைரி எழுதுக’ என்பது வழக்கமான பயிற்சி. எரிகிற குடிசைக்குள் இருந்தவளாக மாறி எழுதுவது அவ்வளவு லேசா? அதை நான் கொடுக்க மாட்டேன். பண்ணைக் கணக்குப்பிள்ளையின் பேரேட்டை எழுதட்டும். யாருக்கு எத்தனை படி, யாருக்கு அபராதம், வெளியூர் ஆளை இறக்கியதற்கு என்ன செலவு? கொடுமை எவ்வளவு சாதாரணமாகக் கணக்கில் ஏறும் என்பது அப்போது புரியும்.

நான்கு, பெயர்கள். வெண்மணி நினைவிடத்தில் 44 பேரின் பெயரும் பொறித்திருக்கிறது. நேரில் போய் எழுதி வரட்டும். நாவலில் சொந்தப் பெயரோடு வாய் திறந்து பேசுகிற சேரிப் பெண்கள் எத்தனை பேர் என்ற பட்டியலைப் பக்கத்தில் வைக்கட்டும்.

ஐந்து, வேறு பிரதிகள். சோலை சுந்தரபெருமாளின் ‘செந்நெல்’ (1999), பாரதி கிருஷ்ணகுமாரின் ஆவணப்படம் ‘ராமையாவின் குடிசை’ (2005). காரணத்தை இவர்கள் எங்கே வைக்கிறார்கள் என்று ஒப்பிட்டு, தெருக்கூட்டத்தில் பேசுகிற மாதிரி பத்து நிமிஷம் பேசட்டும்.

‘நாவல் கற்பனைதானே சார், அதை வரலாற்று முழக்கோலால் அளக்கலாமா?’ என்று கேட்பார்கள். கற்பனைக்கு உரிமை உண்டு. நாவலைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. வெண்மணியைக் கல்லூரிக்குள் கொண்டுவந்ததில் அதற்குப் பங்கு இருக்கிறது. ஆனால் அந்த வகுப்பின் பெஞ்சில் ஏதோ ஒரு சேரியிலிருந்து முதன்முதலாகக் காலேஜுக்கு வந்த பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறது. நம்ம சனம் செத்தது ஒரு ஆண்டைக்கு ஆண்மை இல்லாததாலே என்று குறிப்பெடுத்துக்கொண்டு அது பரீட்சைக்குப் போகிறது. அப்படி எழுதினால்தான் மார்க். இதை எந்த உவமை நயத்தைச் சொல்லிச் சமாளிப்பது?

அந்தப் பிள்ளை பேரேட்டையும் காலக்கோட்டையும் தானே செய்து பார்த்துவிட்டு, ‘நாவல் சொல்ற காரணம் பத்தாது’ என்று தன் கையால் எழுதினால், அதற்கு முழு மார்க் போட வேண்டியது வாத்தியாரின் கடமை.