கரை காத்த கைகள்

ஏரிக்கரை உடைவது பெரும்பாலும் நடுராத்திரியில்தான் என்பார்கள் ஊர்ப் பெரியவர்கள். கலங்கலில் நீர் புரண்டு, கரையில் கசிவு கண்டால் தமுக்கு அடிப்பார்கள். மண்வெட்டி, கூடை, வைக்கோல் என்று கையில் கிடைத்ததோடு ஊரே ஓடும்.

ஊரே சேர்ந்து ஏரியைக் காக்கும் இந்த ஏற்பாடு மிகப் பழையது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியத்துக்குக் குடவோலை முறையில் ஆள் எடுத்ததைச் சொல்கின்றன. கோடையில் தூர் வாரி, மதகைச் சீர்செய்து, கரைக்கு மண் போடும் குடிமராமத்துதான் உண்மையான வெள்ளத்தடுப்பு. ராத்திரி ஓட்டமெல்லாம் கடைசிக் கட்டம்.

ஆங்கிலேயர் வரி வசூலில் காட்டிய அக்கறையைக் கரையில் காட்டவில்லை. ஊர்க்கட்டு தளர்ந்தது. 1858இல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டமே போட்டார்கள்: வெள்ள ஆபத்தென்றால் அக்கம்பக்கத்து உழைப்பாளிகளைக் கட்டாயமாக அழைக்கலாம், கூலி உண்டு, வழக்கமான குடிமராமத்துக்கு வராதவரிடம் அந்த உழைப்பின் மதிப்பைப்போல் இரு மடங்கு வசூலிக்கலாம். வேலையின் சுமை யார் தலையில் விழுந்தது என்பதைச் சட்டம் ஒளிக்கவில்லை: ‘உழைக்கும் வகுப்பினர்’ மட்டுமே மண் சுமக்க அழைக்கப்பட்டார்கள்.

2017இல் தமிழக அரசு குடிமராமத்துக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. ஆயக்கட்டு விவசாயிகள் பத்து சதவீதப் பங்களிப்பு தர வேண்டும் என்பது அப்போதைய ஏற்பாடு. இன்னொரு பக்கம், மத்திய அரசின் ‘ஆப்த மித்ரா’ திட்டத்தில் 18 முதல் 40 வயதுவரை உள்ளவர்கள் தொண்டர்களாகச் சேர்ந்து, மீட்பும் முதலுதவியும் 12 நாள் பயின்றார்கள். இதில் கட்டாயம் இருக்கவில்லை.