பட்டர் சிக்கன் யாருடையது?

2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. பட்டர் சிக்கனைக் கண்டுபிடித்தவர் யார் என்பதுதான் வழக்கு. மனு மட்டும் 2,752 பக்கங்கள். கேட்ட இழப்பீடு ஏறத்தாழ 2 கோடி ரூபாய்.

வழக்குத் தொடுத்தது, மோதி மகால் உணவகத்தை நடத்தும் குஜ்ரால் குடும்பம். தங்கள் தாத்தா குந்தன்லால் குஜ்ரால் பிரிவினைக்கு முன்பே பெஷாவரில் இதைச் சமைத்துவிட்டார் என்கிறார்கள். எதிர்த்தரப்பு, 2019இல் தொடங்கிய தர்யாகஞ்ச் உணவகம். அதன் பங்குதாரர்களில் ஒருவர் குந்தன்லால் ஜக்கியின் பேரன். 1947இல் டெல்லியில் மோதி மகாலைக் கூட்டாகத் தொடங்கியபோது அடுப்படியைப் பார்த்துக்கொண்டவர் ஜக்கிதான், கண்டுபிடிப்பும் அவருடையதே என்பது அவர்கள் வாதம்.

இரண்டு கதைகளையும் அருகருகே வைத்துப் படியுங்கள். குஜ்ரால் தரப்பின் கதையில், விற்காமல் மீந்த தந்தூரிக் கோழி காய்ந்து போகிறது. அதை மிருதுவாக்கத் தக்காளியும் வெண்ணெயும் சேர்த்துக் குழம்பு வைக்கிறார்கள். ஜக்கி தரப்பின் கதையில், இரவு நேரங்கழித்து ஆட்கள் வருகிறார்கள். இருப்பதோ கொஞ்சம் கோழி. எல்லோருக்கும் எட்டவேண்டுமென்று குழம்பு வைக்கிறார்கள்.

மீந்ததை வீணாக்காமல் இன்னொன்றாக மாற்றுவது, இருப்பதைப் பெருக்கிப் பத்துப் பேருக்குப் பரிமாறுவது: இந்த இரண்டையும் நாள்தோறும் செய்துவருபவர்கள் யார்? வீட்டில் ஒரு பெண் செய்தால் அதற்குச் சிக்கனம் என்று பெயர். உணவகத்தில் ஓர் ஆண் செய்தால் கண்டுபிடிப்பு.

தந்தூர் அடுப்புக்கும் ஒரு முன்கதை உண்டு. பஞ்சாப் கிராமங்களில் அதைச் ‘சாஞ்சா சூல்ஹா’ என்பார்கள். பொது அடுப்பு என்று பொருள். பெண்கள் வீட்டில் மாவு பிசைந்து எடுத்துவந்து, ஒரே நெருப்பில் முறைவைத்து ரொட்டி சுடுவார்கள். விறகு மிச்சமாகும், பேசவும் ஓரிடம் கிடைக்கும். பிரிவினையில் டெல்லிக்கு வந்த அகதிகளோடு தந்தூரும் வந்தது. உணவகத்துக்குள் போனதும் அது ஆண்களின் கூலிவேலையானது, முதலாளியின் சொத்தானது.

பட்டர் சிக்கனை முதலில் சமைத்தவர் ஒரு பெண் என்று நான் வாதாடவில்லை. அதற்குச் சான்று இல்லை. எது சான்றாகிறது என்பதே என் கேள்வி. நீதிமன்றம் கேட்பது கூட்டாண்மைப் பத்திரம், உரிமம், பழைய புகைப்படம், பத்திரிகைப் பேட்டி போன்றவற்றை. 1947இல் இவை பெரும்பாலும் ஆண்களின் பெயரில்தான் இருந்தன. அந்த ஆண்டு எல்லை கடந்த பெண்களில் எத்தனையோ பேர் வீட்டையும் உறவையும் இழந்து, சமையலைக் கையோடு கொண்டுவந்தவர்கள். அந்தக் கைப்பக்குவத்துக்குப் பத்திரம் கிடையாது.

ஆகவே உணவின் வரலாற்றைப் படிக்கும் மாணவிகள், “யார் கண்டுபிடித்தார்?” என்பதோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: கண்டுபிடிப்பு என்று எழுதிவைக்கும் வசதி யாருக்கு இருந்தது?

தீர்ப்பு எந்தப் பக்கம் போனாலும், வெல்லப்போவது ஒரு குந்தன்லாலின் பெயர்தான்.