பத்தியும் நான்கு விடைகளும்

2018 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எதிர்வீட்டுப் பெண் ஒரு வினாத்தாளைக் கொண்டுவந்து எங்கள் சமையலறை மேசைமேல் விரித்தாள். "ஆயி, பத்துக் கேள்வியில் நாலு தப்பு" என்றாள். சீனத்தில் அத்தை, சித்தி வயதுப் பெண்களை ஆயி என்றுதான் கூப்பிடுவார்கள். மாரியம்மனை ஆயி என்று கும்பிடும் ஊரில் பிறந்தவள் நான். அந்த ஒரு சொல்லுக்காகவே அவளை உட்காரச் சொன்னேன்.

ஊர் பெயர் கெச்சியாவ். சீனாவின் ஜெஜியாங் மாகாணத்தில், ஷாவோஷிங் நகரத்தோடு சேர்ந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் துணிக்கடைகள், வாய்க்கால்கள், அப்பால் சாயப்பட்டறைகள். அங்கே துணி எடுக்க வரும் இந்திய வியாபாரிகளில் என் மகனும் ஒருவன். ஈரோட்டுப் பக்கம் 31 ஆண்டுகள் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றபின் பேரனைப் பார்த்துக்கொள்ள அங்கே போயிருந்தேன்.

அந்தப் பெண் மேல்நிலைக் கடைசி வருடம். 'காவ்காவ்' என்னும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எதிரே நின்றது. ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண், 120 நிமிடம். ஜெஜியாங்கில் அப்போது ஆங்கிலத்தை நவம்பரில் ஒருமுறை, ஜூனில் ஒருமுறை எழுதலாம். எது அதிகமோ அது கணக்கு. அன்றைய தாளில் வாசிப்புப் பகுதிக்கு 35. மூன்று பத்திகள், பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், ஒரு கேள்விக்கு இரண்டரை மதிப்பெண். அடுத்து 'ஏழில் ஐந்து': பத்தியில் ஐந்து வாக்கியங்களை எடுத்துவிட்டு, கீழே ஏழைக் கொடுத்து, எது எங்கே சேரும் என்று கேட்பார்கள். அதற்குப் பத்து.

அவளுடைய தாளைப் பார்த்தேன். ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லின் தலைமேலும் பென்சிலால் சீன எழுத்து. தேர்வுக்கென்று வகுத்த சுமார் 3,500 சொற்களும் அவளுக்கு மனப்பாடம். ஒரு சொல்லுக்குக்கூட அவள் தடுமாறவில்லை. ஆனால் வாக்கியத்தில் யார் யாரை என்ன செய்தார் என்று கேட்டால் தெரியவில்லை.

பள்ளியில் பழகிய உபாயங்களை எனக்குக் காட்டினாள். பத்தியைத் தொடுமுன் கேள்வியைப் படி. கேள்வியில் உள்ள பெயரையோ ஆண்டையோ அடிக்கோடிடு. அது பத்தியில் எங்கே வருகிறது என்று தேடு. விவரக் கேள்விகள் பெரும்பாலும் பத்தியின் வரிசையிலேயே வரும். 'எப்போதும்', 'மட்டுமே' என்று அடித்துச் சொல்லும் விடையைச் சந்தேகி. ஒன்றும் புரியாவிட்டால், மூன்று விடை சிறியதாகவும் ஒன்று நீளமாகவும் இருந்தால் நீளமானதை எடு; மூன்று நீளம், ஒன்று சிறியது என்றால் சிறியதை எடு. கடைசி உபாயம் மாணவர்கள் வாய்வழியாகவே தலைமுறை தலைமுறையாக இறங்கியது. மற்றவை நல்ல கருவிகள். நானும் ஈரோட்டில் அவற்றில் பாதியைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அவளுடைய சிக்கல் எங்கே என்று எனக்குத் தெரிந்தது ஆங்கிலத்தால் அல்ல, தமிழால். 'நேற்றுத் துணி வாங்கிப்போன வியாபாரி' என்கிறோம். அடையெல்லாம் முன்னே, பெயர் பின்னே. சீனமும் அப்படித்தான். ஆங்கிலம் வியாபாரியை முதலில் நிறுத்திவிட்டு, அவன் நேற்றுத் துணி வாங்கிப்போனதைப் பின்னால் வாலாகக் கட்டும். அந்த வால் மூன்று வரிக்கு நீண்டால் சீனப் பிள்ளை வினைச்சொல்லைத் தொலைத்துவிடுகிறது. நம் பிள்ளையும் தொலைக்கும். "பெயரைப் பிடி. 'எந்த வியாபாரி?' என்று கேள். பதில் முன்னால் இல்லை, பின்னால் இருக்கிறது" என்று சொல்லி, அந்த வாலைப் பென்சிலால் அடைப்புக்குள் போடச் சொன்னேன். மூன்று வாரத்தில் சொல்லின் தலைமேல் சீன எழுத்து எழுதுவதை விட்டுவிட்டாள்.

சொல்லுக்குச் சொல் பொருள் எழுதும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடப்போய்த்தான் நான் பழைய கதைகளுக்குள் இறங்கினேன்.

சீன அரசு ஆங்கிலம் கற்க விரும்பித் தொடங்கவில்லை. இரண்டாம் அபினிப் போரில் அடிபட்டு, 1858-இல் தியன்ஜின் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. அதன் 50-ஆம் பிரிவின்படி, பிரிட்டிஷ் அதிகாரிகள் இனி ஆங்கிலத்திலேயே எழுதுவார்கள். சீனப் பிரதிக்கும் ஆங்கிலப் பிரதிக்கும் பொருள் வேறுபட்டால் ஆங்கிலத்தில் உள்ளதே சரி. ஒரு பேரரசு தன் தலைவிதியை அயல்மொழியில் வாசித்துப் புரிந்துகொள்ள வேண்டிய நிலை. 1862-இல் பெய்ஜிங்கில் 'தோங்வென் குவான்' என்ற மொழிப் பள்ளி பத்து மாணவர்களோடு தொடங்கியது. முதல் ஆசிரியர் ஜான் பர்டன் ஒரு பாதிரியார். மதம் போதிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அமர்த்தினார்கள். ஆங்கில வாசிப்பு அந்த அரசுப் பள்ளிக்குள் கதைக்காகவோ கவிதைக்காகவோ வரவில்லை. தவறாகப் படித்தால் நஷ்டம் என்ற பயத்தோடு வந்தது.

ஷாவோஷிங்கில் சீனாவின் பெரும் எழுத்தாளர் லூ சுன் பிறந்தார். அவர் சிறுவனாகப் படித்த திண்ணைப் பள்ளியை இன்றும் காட்டுகிறார்கள். 'சீக்கிரம்' என்று பொருள்படும் எழுத்தை அவர் செதுக்கிய மேசையைப் பார்க்கக் கூட்டம் வருகிறது. அங்கே நடந்தது உரக்க ஒப்பித்தல். நூறு தடவை படித்தால் பொருள் தானே வரும் என்ற நம்பிக்கை. நம் திண்ணைப் பள்ளிகளில் ஆத்திசூடி ஒப்பித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதே சிறுவன் 1898-இல் நாஞ்சிங் கடற்படைப் பள்ளிக்குப் போனார். வாரத்தில் ஏறக்குறைய நான்கு நாள் முழுக்க ஆங்கிலம். பூனையையும் எலியையும் வைத்துச் சின்னச் சின்ன வாக்கியங்கள். பழைய ஒப்பித்தலே புது மொழிக்குள் குடியேறியது என்பது என் எண்ணம்.

என்னை நிமிர்ந்து உட்காரவைத்த செய்தி இதற்குப் பிறகுதான் வந்தது. லூ சுன்னின் தம்பி சோவ் சுவோரென் அதே பள்ளியில் சில ஆண்டுகள் கழித்துச் சேர்ந்தார். அவர் படித்த ஆங்கிலப் பாடநூலின் பெயர் 'இந்திய வாசகம்'. ஆங்கிலேயர்கள் இந்தியப் பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தொகுத்த புத்தகம் அது! ஷாங்காயில் 1897-இல் தொடங்கிய 'வணிக அச்சகம்' 1898-இல் வெளியிட்ட ஆங்கில முதல்நூலும் அப்படித்தான். இந்தியக் குழந்தைகளுக்கான புத்தகத்தை எடுத்து, ஸியே ஹோங்லாய் என்பவரைக் கொண்டு சீன மொழிபெயர்ப்பும் குறிப்பும் சேர்த்து அச்சிட்டார்கள். பெருவிற்பனை. ஆங்கில வரிக்கு அருகே சீனப் பொருள் என்ற அந்த அமைப்பு, என் மேசைமேல் கிடந்த பென்சில் எழுத்துகளின் முப்பாட்டன். நம் தாத்தாக்களுக்குச் சமைத்த சோறு அங்கேயும் பரிமாறப்பட்டிருக்கிறது. அதை அறிந்தபின் அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுப்பதில் எனக்கு ஓர் உரிமையே வந்துவிட்டது.

1905-இல் பழைய அரசுத் தேர்வுமுறை ஒழிந்தது. 1920-களின் கடைசியில் எழுத்தாளர் லின் யூதாங் எழுதி, ஓவியர் ஃபெங் சிகாய் படம் போட்ட பாடநூல் வந்தது. படித்து மகிழவும் ஆங்கிலம் என்று காட்டிய புத்தகம் அது. பிறகு போர், 1949-இல் கம்யூனிஸ்ட் ஆட்சி, பள்ளிகளில் ருஷ்ய மொழி.

அந்தப் பெண்ணின் அப்பாவைப் பெற்ற பாட்டி, நைநை, எங்களோடு வந்து உட்கார்ந்து பீன்ஸ் நறுக்குவார். 1946-இல் பிறந்தவர். பள்ளியில் படித்தது ருஷ்ய மொழி. சோவியத்தோடு உறவு முறிந்து, 1964-இல் ஆங்கிலமே முதல் அயல்மொழி என்று அரசு திட்டம் வகுத்தபோது அவர் ஆலைக்குப் போய்விட்டார். இரண்டே ஆண்டில், 1966-இல், பண்பாட்டுப் புரட்சி தொடங்கி நுழைவுத் தேர்வே நின்றது. மிச்சமிருந்த ஆங்கிலப் பாடங்கள் தலைவர் மாவோ வாழ்க என்ற முழக்கத்தில் தொடங்கின.

ஒருநாள் நைநை குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னார். 1973-இல் ஹெனான் மாகாணத்துக் கிராமப் பள்ளியில் 15 வயதுச் சிறுமி ஆங்கிலத் தேர்வில் விடை எழுதாமல், நான் சீனத்தி, எனக்கு ஏன் அயல்மொழி என்ற பொருளில் தாளின் பின்னால் எழுதினாள். பள்ளி அவளை எல்லார் முன்னும் கண்டித்தது. அவள் நீரில் மூழ்கி இறந்தாள். மறு ஆண்டு மேலிடத்தார் அந்தச் சாவை அரசியலாக்கினார்கள். தலைமையாசிரியரும் வகுப்பாசிரியரும் சிறைக்குப் போனார்கள். ஆலைக் கூட்டத்தில் இதை வாசித்தார்கள் என்றார் நைநை. பீன்ஸ் நறுக்கும் கை நின்றுவிட்டது. பேத்தி அதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள். ஆங்கிலத் தாள் என்றால் எனக்கு அன்றுமுதல் அந்தச் சிறுமியின் நினைவு வருகிறது.

1977 டிசம்பரில் காவ்காவ் திரும்பியது. சுமார் 57 லட்சம் பேர் எழுதினார்கள். இடம் கிடைத்தது சுமார் 2.7 லட்சம் பேருக்கு. ஆங்கிலம் உடனே முழுப்பாடம் ஆகவில்லை. 1979-இல் முதல்தரப் பல்கலைக்கழகங்கள் மட்டும் ஆங்கில மதிப்பெண்ணில் பத்து சதவீதத்தை எடுத்துக்கொண்டன. 1980-இல் 30, 1981-இல் 50, 1982-இல் 70, 1983-இல் முழு நூறு. ஆசிரியரும் புத்தகமும் இல்லாத நாட்டில் படிப்படியாக ஏற்றினார்கள். இது நியாயமான செயல் என்பேன். முழுச் சுமையையும் ஒரே ஆண்டில் ஏற்றியிருந்தால் கிராமப் பிள்ளைகள் வெளியே நின்றிருப்பார்கள்.

1985-இல் குவாங்டோங் மாகாணத்தில் குய் ஷிச்சுன் என்ற மொழியியலாளர் முன்னின்று ஒரு புதுத் தேர்வைச் சோதித்தார். அதுவரை இலக்கணமும் மொழிபெயர்ப்பும் ஆண்ட இடத்தில் பத்தியும் நான்கு விடைகளும் வந்தன. பென்சிலால் கறுப்பாக்கினால் இயந்திரம் திருத்தும். திருத்துபவரின் கோபதாபம் மதிப்பெண்ணில் விழாது. லட்சக்கணக்கான தாள்களுக்கு அதைவிட நேர்மையான வழி அன்று இல்லை. சில ஆண்டுகளில் நாடு முழுக்கப் பரவியது. ஆனால் அதற்குப் பிறகு வகுப்பறையில் பத்தி என்பது விடை ஒளிந்திருக்கும் இடமாகச் சுருங்கிவிட்டது. கடையில் மலைபோலப் பயிற்சித் தாள்கள். அதற்கு அங்கே 'கேள்விக் கடல் உத்தி' என்று பெயர்.

பெண்ணின் அப்பா 1993-இல் அந்தத் தேர்வை எழுதி, இடம் கிடைக்காமல் துணிக்கடைக்கு வந்தவர். பத்தி வாசிப்பில்தான் விழுந்தேன் என்பார். இன்று சூரத் வியாபாரியோடு மீட்டருக்கு ஐந்து காசு வரை ஆங்கிலத்தில் பேரம் பேசுகிறார். வாடிக்கையாளர் அனுப்பும் நீண்ட கடிதத்தை மட்டும் மகளிடம் நீட்டுகிறார்.

நவம்பர் தேர்வு வந்தது. வாசிப்புப் பத்திகள் கடினம் என்று முகம் சிவந்து வந்தாள். முடிவு வந்தபோது கணக்கு யாருக்கும் ஒத்துவரவில்லை. தாள் கடினமாக இருந்ததால் வாசிப்பிலும் மொழிப் பயன்பாட்டிலும் சில கேள்விகளுக்கு மதிப்பெண்ணை மாற்றிக் கணக்கிட்டோம் என்று அறிவிப்பு வந்தது. பெற்றோர் கொதித்தார்கள். மாகாண அரசு விசாரித்து, டிசம்பர் 5 அன்று மாற்றத்தை நீக்கி, முதலில் எடுத்த மதிப்பெண்ணையே திரும்பக் கொடுத்தது. இவளுக்கு 131 என்று வந்தது 127 ஆனது. இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் இட்லி வைத்துக் கூப்பிட்டேன், வந்தாள்.

ஜூனுக்குத் தயாரானபோது நாங்கள் அதிகம் உழைத்தது வேறொரு கேள்வியில். 2016 அக்டோபரில் ஜெஜியாங் முதன்முதலாக வைத்தது: 'வாசித்துத் தொடர்ந்து எழுது'. சுமார் 350 சொல்லில் ஒரு கதை பாதியில் நிற்கும். அடுத்த இரண்டு பத்திகளின் முதல் வரி மட்டும் இருக்கும். மிச்சத்தைச் சுமார் 150 சொல்லில் மாணவர் முடிக்க வேண்டும். 25 மதிப்பெண். 2017 ஜூன் தாளில் சைக்கிளில் போகிறவரை ஓர் ஓநாய் துரத்தும். அந்தப் பழைய தாளை அவளிடம் கொடுத்தேன். நான்கு விடைகளுக்குள் தேடிப் பழகியவள் முதல்நாள் ஒரு மணி நேரம் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். "எது சரியான முடிவு, ஆயி?" என்று கேட்டாள். "அந்த ஆளுக்கு மூச்சு வாங்குகிறதா? கால் வலிக்கிறதா? கதையிலேயே இருக்கிறது, திரும்பப் படி" என்றேன். திரும்பப் படித்தாள். நான்காவது தடவை பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் படித்தாள். அந்தக் காட்சிக்காகத்தான் நான் 31 ஆண்டுகள் வேலை பார்த்தேன்.

கதையைக் கவனமாக வாசிக்காதவரால் அந்தக் கேள்விக்கு எழுத முடியாது; எந்த உபாயமும் அங்கே பலிக்காது. ஒரு கட்டளையைப் பிழையின்றிப் புரிந்துகொள்ளத் தொடங்கிய வாசிப்பு, ஒன்றரை நூற்றாண்டு கழித்து, வாசித்தவரிடம் உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டிருக்கிறது. அது நல்ல கேள்வி. இன்று சீனாவின் பல மாகாணங்களில் அது தேர்வுத் தாளின் கடைசிக் கேள்வியாக இருக்கிறது.